ஏலக்காய் மணக்கும் வால்வு செட்டு

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். போடியில் எங்கள் வீட்டு முன்னறையில், பீரோவின் திறந்த கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். தலையில் ஹெல்மெட். காலில் ரப்பர் செருப்பு. இடது கை பேன்ட் பைக்குள். வலது கையில் ஒட்டடைக் கம்பு.

கம்பின் மறுமுனை, அறை நடுவே பலகைமேல் உட்கார்ந்திருந்த என் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

"ஏங்க, செட்டுப் போடுறீங்களா, தேன்கூடு கலைக்கிறீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி தனம்.

"கிட்ட வராத. உள்ள நானூறு வோல்ட்டு இருக்கு."

"உள்ளதான இருக்கு? சுவிட்சுல எம்புட்டு இருக்கு?"

சுவிட்சில் ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரியாததா? போடி பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பம்புசெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற சம்சாரிகளுக்கெல்லாம் கரண்டைப் பற்றி வகுப்பு எடுக்கிறவன். ஆனால் என் அறிவு தலையில் இருக்கிறது, பயம் முழங்காலில் இருக்கிறது. இரண்டுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

கம்பு சுவிட்சைத் தட்டியது. கரண்ட் வரும் வழியில் கோத்து மாட்டியிருந்த நூறு வாட்ஸ் பல்பு பளீரென்று எரிந்தது.

அடுத்து எனக்கு நினைவில் இருப்பது தெரு. எதிர்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஹெல்மெட்டு மட்டும் தனியா வருது? வண்டி எங்க?"

அதற்குள் உள்ளேயிருந்து தனத்தின் குரல் வந்தது. "வாங்க உள்ள. ஒண்ணும் வெடிக்கல. பல்பு தானா மங்கிருச்சு."

மங்கத்தான் செய்யும். அதற்காகத்தானே அந்தப் பல்பை வழியில் மாட்டுவது. செட்டுக்குள் கோளாறு இருந்தால் பல்பு விடாமல் பளிச்சென்று எரியும், செட்டு பிழைக்கும். கோளாறு இல்லையென்றால் ஒரு கணம் மின்னிவிட்டு அடங்கும். இதையும் நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

வால்வு சூடேறிச் சிவக்க அரை நிமிடம் ஆகும். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு எதற்கு இந்த வேலை என்பதை அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தேவாரத்து வேட்டு

காயில் கடை வைப்பதற்கு முன்னால் எனக்கு மைக்செட் தொழில். குழாய் ஸ்பீக்கர் நான்கு, இந்த வால்வு செட்டு ஒன்று. போடியில் நான் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று சொன்னால் பக்கத்து ஊர் சிலமலையில் கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

தனத்தின் தம்பி சேகருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பகலில் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுவான். எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு. சாயங்காலம் கிடார். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்புகிற அதே அலட்சியத்தோடு வாசிப்பான். அவனுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. கிடார் வயரை என் மைக்செட்டில்தான் சொருகுவான். குழாய் வழியாகக் கேட்டால், சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி இருக்கும். அப்படியும் கூட்டம் கேட்டது.

மலையடி ஊரான தேவாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. இருட்டத் தொடங்கிய நேரம். பாட்டுக்கு நடுவில் சேகரின் தனி வாசிப்பு வந்தது. இரண்டு சுற்று போனதும், பந்தியில் இருந்தவர்கள் கையில் பிசைந்த சோற்றோடு எட்டிப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு படி. அந்த உச்சி வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

டமார்!

தேவாரத்தில் அந்தச் சத்தத்துக்குக் கைக்குழந்தைகூடத் திரும்பாது. மலையடித் தோட்டத்தில் யானை இறங்கியிருக்கும், யாரோ வேட்டுப் போட்டு விரட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் செட்டுக்குப் பக்கத்தில் இருந்த எனக்குச் செட்டே வெடித்துவிட்டதாகத் தோன்றியது. பாய்ந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அவசரத்தில் நான் பிடுங்கியது செட்டுப் பிளக்கை அல்ல, பந்தலுக்கே வந்த மெயின் பிளக்கை.

பாட்டு நின்றது. விளக்கு நின்றது. வெளியே வேட்டு, உள்ளே கும்மிருட்டு. வந்திருந்த சனம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தது.

"ஆனை பந்தலுக்குள்ள வந்துருச்சுடோய்!"

மாப்பிள்ளை மேடையிலிருந்து குதித்தார். ரச அண்டா கவிழ்ந்தது. பெண்ணின் தாய்மாமன் பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரத்தில் ஏறப் பார்த்து, மரத்தோடு கீழே வந்தார். யாரோ மெயினைத் திரும்பச் சொருகியபோது அங்கே யானை இல்லை. நான் இருந்தேன், பிளக்கு பிடுங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

சேகர் திட்டியிருந்தால் மறுநாள் நானும் திட்டி, அதோடு முடிந்திருக்கும். அவன் கிடாரை உறையில் போட்டான். "விடு மச்சான்" என்றான். அந்த 'விடு' இருபது வருடத்துக்கு மேல் நீண்டது. கிடாரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. எங்கள் பரண்மேல் ஏற்றிவிட்டுப் போனான். யாராவது வாசிக்கக் கேட்டால், "என் சோலி ஸ்டீரிங்கு" என்பான்.

நானும் அவன் மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். போன வருடம் ஒருநாள் அவன் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து மேலே போனேன். ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால், ஸ்டீரிங்கின்மேல் அவன் இடது கை விரல்கள் இல்லாத கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. வளைவு வந்ததும் நிற்கும். வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பதினேழு வளைவிலும் நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது முடிவு செய்திருந்தேன். எந்தச் செட்டை நான் நிறுத்தினேனோ, அதையே கிடாருக்கென்று மாற்றிக் கட்டி, வருகிற ஆயுத பூஜைக்கு இவனை ஜீப் ஸ்டாண்டில் வாசிக்க வைப்பது.

காயோடு காயாக

செட்டு கடையின் பின்பக்கம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே கிடந்தது. மூடியைக் கழற்றியதும் ஒரு பல்லிக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. வால்வுகள் பிழைத்திருந்தன. ஆனால் உள்ளே இருந்த இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஈரம் குடித்துக் கிடந்தன. அந்த ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் புகைதான் வரும். அந்த அளவில் இன்னொன்றுக்கு நான் எங்கே போவேன்? அவை போனால் என் திட்டமும் போயிற்று.

காயில் உலர்த்த என் கடையில் ஒரு பல்புப் பெட்டி உண்டு. அதை நான் நம்பமாட்டேன். சில நாள் வேகாது, சில நாள் கருக்கிவிடும். இதமான சூடு வேண்டும், ஒரே சீராக, ஒரு நாள் பூராவும். அப்படிப்பட்ட சூடு எங்கே கிடைக்கும் என்று போடிக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டுமா? மலைமேல் ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, நிறம் போகாமல் உலர்த்துகிற அறை.

இரண்டையும் சாக்கில் கட்டி, சேகரின் ஜீப்பிலேயே ஏற்றினேன். திருடன் போலீஸ் வண்டியிலேயே இடம் கேட்ட கதைதான்.

"சாக்குல என்ன மச்சான், இந்தக் கனம் கனக்குது?"

"மோட்டார் காயிலு மாப்ளே. மேல எஸ்டேட்டு பம்புக்கு."

"சரி, வெரசா ஏறு. ஆளுக காத்துக் கெடக்கு."

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் குஞ்ஞச்சன் சேட்டன் சாக்கை அவிழ்த்தார். ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தா இது? எட்டு எம்எம் காயோ?" என்றார், ஏலக்காய்க்குத் தரம் சொல்கிற குரலில்.

"ஒரு நாள் மட்டும் சேட்டா. காயோட காயா கெடக்கட்டும்."

"பச்சை நெறம் வந்தில்லெங்கில் என்னைச் சொல்லக் கூடாது" என்றார் சிரிக்காமல்.

மறுநாள் சாக்கு கீழே வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஈரம் சுத்தமாகப் போயிருந்தது. போன இடத்தில் ஏலக்காய் வாசம் குடியேறியிருந்தது.

எழுபத்தெட்டு சாமிகள்

பழைய மைக் வேலைப்பாடுகளை எல்லாம் வெட்டி எடுத்தேன். கிடாரின் சின்னச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்குகிற பகுதி, கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள், எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டும். குழாய்க்குப் பதிலாக, பிளைவுட் பெட்டியில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். கடையில் வாங்குகிற அச்சுப் பலகை கிடையாது. பித்தளைக் காதுகள் இரண்டு வரிசை அடித்த ஒரு பலகையில், ஒவ்வொரு சாமானையும் காலை வளைத்து மாட்டி, கையால் ஈயம் பற்ற வைக்க வேண்டும்.

மொத்தம் எழுபத்தெட்டு பற்றவைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டதால் எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாமிகள் தீர்ந்துபோய், கம்பம் பக்கத்துச் சாமிகளிடம் கைமாற்று வாங்கினேன்.

வால்வு செட்டு ஒரு விவகாரமான பிராணி. அணைத்த பிறகும் அதன் கண்டன்சருக்குள் கரண்ட் படுத்திருக்கும். அதை வடிய விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஓடுகிற செட்டைச் சோதிக்கும்போது ஒரு கை பைக்குள் இருக்க வேண்டும் என்று தொழிலில் ஒரு சட்டம். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். நடுவில் நெஞ்சு இருக்கிறது. நான் சட்டத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். செட்டை நினைத்தாலே என் இடது கை பைக்குள் போனது. பந்தியில் உட்கார்ந்து சாம்பார் கேட்கும்போதும்.

ஈயம் தெறித்துவிடும் என்று பற்றவைக்கிறபோதெல்லாம் ஹெல்மெட் வேறு. வெயிலுக்கு ஏற்ற, மஞ்சளும் பழுப்புமான கண்ணாடி போட்ட ஹெல்மெட். இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் கலந்த ஒரு காய்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பலாம். வால்வுகள் சிவந்துவிட்டன. சூடு ஏற ஏற, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏலக்காய் வாசம் கிளம்பி அறையை நிறைத்தது. பாண்டியம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்தாள். "தனக்கா, பாயசமா? என்ன விசேசம்?"

பரணிலிருந்து இறக்கிப் புதுக் கம்பி மாட்டியிருந்த சேகரின் கிடாரை எடுத்து, வயரைச் சொருகி, ஒரு கம்பியைத் தட்டினேன்.

தகர டப்பாவுக்குள் அகப்பட்ட தவளை. கொரகொர. குமிழைக் கூட்டினேன். பெரிய டப்பா, பெரிய தவளை.

பாண்டியம்மாள் முகத்தை எடுத்துக்கொண்டாள். தனம் சிரிக்கவில்லை. "இதையா அவன்கிட்டக் குடுக்கப் போறீங்க?" என்றாள். அவன் அவளுக்குத் தம்பி. பரணில் ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அந்தக் கிடார் உறையைத் துடைத்து வைத்தவள் அவள்தான்.

அணைத்தேன். வடிய விட்டேன். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு மணி நேரம் ஒவ்வொரு காதாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே பட்டது. சரியாக இருப்பதாகப் பட்டதும் பயம் இன்னும் கூடியது.

"டிரான்ஸ்ஃபார்மர் போச்சு தனம். ஸ்டோர்ல வெந்துருச்சு. அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சது."

"கொஞ்சம் ஒப்பாரிய நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் செட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தனம் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். பதினெட்டு வருட வேலை. நாம் பச்சை என்று ஒரு வார்த்தையில் சொல்வதற்குள் அவளுக்குப் பத்துப் பச்சை உண்டு. தட்டில் காய் ஓடிக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், நிறம் மாறிய ஒரு காய் வந்தால் விரல் தானாகப் போய் அதைத் தள்ளும்.

பலகையையும் அப்படித்தான் பார்த்தாள். அது என்ன சாமான், எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை.

"இந்த வரிசையெல்லாம் சோடி சோடியாத்தான வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப இது ஏன் சோடி சேரல?"

"எது?"

"வெளிச்சத்த மறைக்காம தள்ளுங்க. இந்தா, இதுல கோடு பழுப்பு, கறுப்பு, மஞ்ச. அதுக்குச் சோடியா வச்சதுல பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு."

"அதுவும் மஞ்சதான்."

"ஆரஞ்சு. இத மஞ்சன்னு நான் தட்டுல விட்டா, முதலாளி தட்டத் தூக்கி என் தலையிலயே கவுத்துருவாரு."

ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தேன். ஆரஞ்சு. அந்தக் கோடுதான் அந்தச் சாமானின் அளவைச் சொல்வது. நான் மாட்டியிருந்தது இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் செட்டில் கடைசி இரண்டு வால்வும் ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்த ஆட்கள் மாதிரி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க வேண்டும். நான் ஒருவரைத் தூங்க வைத்திருந்தேன்.

எப்படி நேர்ந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பயந்து மாட்டிய ஹெல்மெட், அந்த மஞ்சள் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் ஆரஞ்சும் மஞ்சள், மஞ்சளும் மஞ்சள். எழுபத்தெட்டு சாமியும் நேரில் வந்திருந்தாலும் அந்தக் கண்ணாடிக்குள் மஞ்சளாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மாற்றினேன். இந்தத் தடவை தனமே விரலால் சுவிட்சைப் போட்டாள். நான் ஒட்டடைக் கம்பைக் கையிலேயே வைத்திருந்தேன், ஒரு துணைக்கு.

கம்பியைத் தட்டினேன். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின. அடிவயிற்றில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து மெதுவாக எழுந்து வருகிற சத்தம். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதைப் பொருட்படுத்தாமல் நான் ஆறு கம்பியையும் போட்டு அடித்தேன். தனம் கையைத் தட்டினாள்.

"எவன்டா அது, கோழிய உசுரோட உரிக்கிறது?"

வாசலில் சேகர். தெருவில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அவன் பார்வை என் கையில் இருந்த கிடாருக்குப் போனது, பிறகு செட்டுக்கு, பிறகு எனக்கு. வெளியே போய் ஜீப்பை அணைத்துவிட்டு வந்தான்.

"கொண்டா."

முடுக்கிச் சுதி சேர்த்தான். கனமான கம்பியில் ஒரே ஒரு தட்டு. விரலால் அதை மேலே தள்ளினான். சத்தம் தேன் மாதிரி இழுபட்டு, ஓரத்தில் கொஞ்சம் கரகரத்து, அறையை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. அவன் கிடாரைப் பார்க்கவில்லை. செட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழாய் எங்க மச்சான்?"

"கழட்டிட்டேன். இது இனி மைக்செட்டு இல்ல. உனக்குக் கட்டினது."

"ஏலக்கா வாசம் வருதே?"

"அது… உன் ஜீப்புல போன மோட்டார் காயிலு."

சிரித்தான். பிறகு தலையைக் குனிந்து கம்பிகளைத் துடைத்தான், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

"ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டுல வாசிக்கிறேன். ஒரு கண்டிசன். நீ பிளக்குப் பக்கம் நிக்கக் கூடாது."

நியாயம்தான். நான் தலையாட்டப் போனேன். தனம் விடவில்லை.

"அங்கதான்டா நிப்பாரு. பிடுங்கின ஆளுதான் காவலுக்கு நிக்கணும்."

இரண்டு கைகள்

ஆயுத பூஜையன்று ஜீப் ஸ்டாண்டில் வண்டிகள் குளித்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லோரும் புது வேட்டி. நான் மட்டும் பேன்ட். வேட்டியில் பை கிடையாதே.

ஸ்டாண்டு தலைவர் பவுன்ராசு அண்ணே தேனியிலிருந்து ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை வரவழைத்திருந்தார். அவற்றுக்கு நடுவே என் செட்டைப் பார்த்தார். "ஏலே, தாத்தா ரேடியோவ எதுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"வாசிக்கட்டும்ணே, அப்பறம் சொல்லுங்க" என்றேன்.

நாலு மணி வெயில். பாடகர் ஆரம்பித்தார். சேகர் தேர்ந்தெடுத்திருந்தது தேவாரத்தில் பாதியில் நின்ற அதே பாட்டு. நான் பிளக்குக்கு ஒரு முழ தூரத்தில், இடது கை பைக்குள். தனி வாசிப்பு வந்தது. ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. பொரி தின்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. சேகர் கண்ணை மூடினான். படிப்படியாக மேலே ஏறினான். இன்னும் ஒரு படி.

கடைசி ஜீப்புக்குப் பின்னால் எவனோ வேட்டுத் திரியைப் பற்றவைத்திருக்கிறான்.

டமார்!

என் முழங்கால் என்னிடம் கேட்காமலே பாய்ந்தது. வலது கை பிளக்கின்மேல் இருந்தது. ரப்பரின் சூடு விரலில் தெரிந்தது. பிடுங்கு, பிடுங்கு என்று உடம்பு முழுக்க ஒரே கூச்சல்.

வால்வைப் பார்த்தேன். சிவப்பு, ஆடாமல் அசையாமல். மூக்கில் ஏலக்காய் வாசம்.

விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வலது கையையும் பைக்குள் போட்டேன்.

டமார்! மறுபடியும் டமார்! உள்ளே இரண்டு கையும் துணியைக் கிழித்துவிடும்போல முறுக்கிக்கொண்டிருந்தன. நிமிர்ந்தேன். சேகர் கண்ணைத் திறந்திருந்தான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் மட்டும் நிற்கவில்லை. கையைத் தூக்கிக் காட்ட முடியாத நிலையில் நான் தலையை ஆட்டினேன். அவன் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு, இருபது வருடத்துக்கு மேல் பாக்கி நின்ற அந்தக் கடைசிப் படியில் காலை வைத்தான்.

அந்த ஒரு சுரம் மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. சத்தியமாக வந்தது. நான் கிளப்பிவிடுகிற பேச்சு அல்ல இது.

விசில் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பவுன்ராசு அண்ணே தேனிப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் செட்டுக்கு முன்னால் வந்து நின்று, "ஏலே, இன்னொரு தடவ!" என்றார். மூன்று தடவை வாசித்தான். கூட வேலை பார்க்கும் பெண்களிடம் தனம் செட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அதுல ஒரு காயி நான் பொறுக்கினது."

பொழுது சாயும்போது சேகர் சுவிட்சை அணைத்தான். கிடாரை உறையில் போட்டு, எங்கள் வீட்டுப் பரணுக்குத் தராமல், தன் ஜீப்பின் முன் சீட்டில் சாய்த்து வைத்தான். வயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் வந்தான்.

"மச்சான், கைய வெளிய எடு."

"எதுக்கு மாப்ளே?"

"வாசிச்சு முடிச்சாச்சு. இப்பப் பிடுங்கு."

பிடுங்கினேன். ஸ்டாண்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை.